ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள்

பெயர்: அடையாள அட்டையில் கண்டபடி. வீட்டிலும் வேலையிடத்திலும் அழைக்கும் பெயர் பாப்பா.
வயது: ஐம்பத்தெட்டு.
தொழில்: மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர்.
முகவரி: நீச்சல்குளச் சாலைக்குப் பின்தெரு, தையல் கடைக்கு மேல் மாடி.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடனும் மருமகளுடனும் வசித்து வருகிறேன். என் ஒரே மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். தற்சமயம் கடலில் இருப்பதால் இந்தச் சம்பவத்தில் அவனுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. என் பிறந்த வீட்டில் நான் கடைசிப் பெண் என்பதால் என்னைப் பாப்பா என்று அழைக்க ஆரம்பித்தார்கள், அதன் பின்னர் யாரும் நிறுத்தவில்லை. இன்று காலை இந்த நிலையத்திலிருந்து என் கணவரை வந்து அழைத்துப் போகும்படிதான் எனக்குத் தொலைபேசி வந்தது. வாக்குமூலம் கொடுக்க என்னை யாரும் கூப்பிடவில்லை. அது நானாகக் கேட்டு வாங்கியது. தெளிந்த மனநிலையில், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து இதைச் சொல்கிறேன்.

என் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரேக்கைப் பூ வைக்கிற மாதிரி வைப்பார் என்பதால் பணிமனையில் அவருக்குப் பூப்பிரேக் என்று பெயர். நின்றுகொண்டு பயணம் செய்யும் கிழவிகள் கூட அவர் பேருந்தில் கம்பியைப் பிடிக்க மாட்டார்கள் என்று அவரே சொல்லுவார், அவருடன் வேலை பார்த்தவர்களும் சொல்லுவார்கள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ஒரு கீறல் இல்லை. ஓய்வு பெற்ற பின்னர் வெளிர்நீல நிறத்தில் ஒரு கார் வாங்கினார், அதிலும் ஒரு கீறல் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் காப்பீட்டைப் புதுப்பித்துவிட்டு வந்து, "இந்த வருசமும் அவங்ககிட்ட கை நீட்டல" என்று என்னிடம் சொல்வார். என்னிடம் சொன்ன பின்னர் தையல்காரரிடம் சொல்வார், தையல்காரரிடம் சொன்ன பின்னர் முடிவெட்டுபவரிடம் சொல்வார். கிளெய்ம் கேட்காதவர்களுக்குக் கட்டணத்தில் ஏதோ தள்ளுபடி உண்டு. அவருக்கு அது தள்ளுபடி இல்லை, மெடல்.

அதன் பின்னர் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. அறுவை சிகிச்சை செய்யும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொன்னார். சிகிச்சை எளிது என்றும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றும், கூட்டிக்கொண்டு போக வண்டியோடு ஓர் ஆள் வந்தால் போதும் என்றும் சொன்னார். என் கணவர் உடனே அந்த ஆளைப் பிடித்துக்கொண்டார். ஆள் எங்கே இருக்கிறது என்று கேட்டார். என் மருமகள் கூரியர் நிறுவனத்தில் வேன் ஓட்டுகிறவள், நான் வருகிறேன் மாமா என்று எத்தனையோ தடவை சொன்னாள். உனக்கு டியூட்டி இருக்கிறதும்மா என்று அவள் வாயை அடைத்தார். வாடகைக் காரில் போகலாம் என்று நான் சொன்னதற்கு, "அடுத்தவன் பிரேக்குல நான் உக்கார மாட்டேன்" என்றார். ஊசியென்றால் அவருக்குப் பயம் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

கார் நின்றுவிட்டது. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று ஞாயிறு காலையில் மட்டும் அவர் கீழே போய் வண்டியைக் கிளப்பி ஓட விடுவார். நான் பிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் உட்காருவேன். வண்டி நகராது. எதிரே தையல் கடைச் சுவர். அவர் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் மாற்றிப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வலதுபக்க இண்டிகேட்டரைப் போட்டார். எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்க, நாங்கள் காபி குடித்து முடித்தோம். கார் ஓட்டக் கற்றுக்கொள்வது என்று நான் முடிவு செய்தது அன்றுதான்.

அன்று மாலை என் மருமகளிடம் இதைச் சொன்னபோது அவள் ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள். கடித்தது கடித்தபடி இருக்க, "அத்தை, நெசமாவா?" என்றாள். பிறகு ஆப்பிளை வைத்துவிட்டு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் உயரமானவள், நான் அவள் தோளுக்கும் கீழே. மாமாவுக்குத் தெரிய வேண்டாம், கற்றுக்கொண்ட பிறகு ஒரே அடியாகச் சொல்லலாம் என்று நான்தான் சொன்னேன். அதன் பின்னர் முறைப்படி பழகுநர் உரிமம் எடுத்தேன். சாலைக் குறிகள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். புகைப்படம் எடுத்தவர் சிரிக்காதீங்கம்மா என்றார். இரண்டாவது தடவையும் சிரித்துவிட்டேன். உரிமத்தில் இருப்பது அந்தப் படம்தான், அதன் நகலை இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

கடைக்குப் போகிறோம், அப்படியே வண்டியும் கொஞ்சம் ஓடின மாதிரி இருக்கும் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு மருமகள் காரை எடுப்பாள். தெருமுனை திரும்பியதும் நாங்கள் இடம் மாறிக்கொள்வோம். 'எல்' பலகையைக் காய்கறிப் பைக்குள் வெங்காயத்துக்கு அடியில் வைத்திருந்தோம், ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் முறையாக முன்னும் பின்னும் மாட்டினோம். முதல் நாள் வண்டி முயல் மாதிரி குதித்தது. சலவைப் பிரிவில் நான் ஈரத்துணி வண்டியை வார்டு வார்டாகத் தள்ளிப் பழகியவள், எந்தக் கதவிலும் இடிக்காமல் திருப்புவேன். ஆனால் துணி வண்டி பின்னால் போனால் நானும் பின்னால் பார்த்துக்கொண்டு போவேன். கார் பின்னால் போகும்போது நான் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். இதுதான் எனக்குச் சிக்கலாக இருந்தது. மற்றபடி சிக்கல் இல்லை. மூன்றாவது கியர் விழுந்த அன்று நான் சத்தம் போட்டதில் நடைபாதையில் போனவர் ஒதுங்கி நின்றார். வெங்காயம் வாங்க இவ்வளவு நேரமா என்று என் கணவர் கேட்டதற்கு, வரிசை நீளம் என்று சொன்னேன். அன்று வெங்காயமும் வாங்க மறந்திருந்தோம்.

நேற்று பிற்பகல் நீச்சல்குளத்தின் வாகன நிறுத்துமிடத்தில் பின்னால் எடுத்து நிறுத்தும் பயிற்சி செய்தோம். கூட்டம் இல்லை. வெயில் இறங்கியிருந்தது. இரண்டு கோடுகளுக்கு நடுவே வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நேராக நிறுத்தினேன். "அத்தை, நானே இப்படி நிறுத்த மாட்டேன்" என்று மருமகள் சொன்னாள். இன்னொரு தடவை செய்து காட்டுகிறேன் என்று வண்டியை முன்னால் எடுத்து மறுபடி பின்னால் விட்டேன். அப்போது உள்கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டிய கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டேன். கிளட்ச்சிலிருந்து கால் வெடுக்கென்று வந்துவிட்டது. பக்கத்துக் கட்டத்தில் நின்ற சிவப்புக் காரின் முன்பக்கத்தில் எங்கள் காரின் பின்பக்க மூலை இடித்தது. அந்த வண்டியின் விளக்கு ஒன்று உடைந்தது, பம்பர் தொங்கியது. எங்கள் வண்டியில் பின்மூலை உள்ளே போனது. ஆட்கள் யாருக்கும் காயம் இல்லை. விபத்துக்குக் காரணம் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளலாமா என்று இந்த நிலையத்து உதவி ஆய்வாளர் இப்போது கேட்டார். சந்தோஷம் என்று எழுத முடியுமா என்று கேட்டேன். அப்படி ஒரு பிரிவு இல்லை என்றார். சரி, கவனக்குறைவு என்றே இருக்கட்டும்.

மேற்படி சிவப்புக் கார் நீச்சல் மாஸ்டருடையது. அவர் அப்போது குளத்தின் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் அவர் பழக்க தோஷத்தில் விசில் ஊதினார். விசில் கேட்டதும் குளத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கரையேறிவிட்டன. அதே விசிலைக் கேட்டு, தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து முச்சந்தியில் நின்ற போக்குவரத்துக் காவலரும் வந்துவிட்டார். அதற்குள் நானும் மருமகளும் இறங்கிப் பின்பக்கம் போய் நின்றிருந்தோம். மாஸ்டர் தோளில் துண்டோடும் ஈரக் காலோடும் வந்து விளக்கைப் பார்த்தார், பம்பரைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்து, "யாரு ஓட்டுனது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள், "நான்தான் சார்" என்றாள். காவலர் அவள் உரிமத்தை வாங்கி விவரங்களை எழுதிக்கொண்டார். நான் காவலர் பக்கம் திரும்பினேன். அவள் என் கையை அழுத்திப் பிடித்தாள். மாஸ்டர் கோபப்படவில்லை. பேசி முடித்துக்கொண்டாலும் சரி, இன்சூரன்ஸில் போனாலும் சரி, உங்கள் இஷ்டம், யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் கரையில் நடுங்குகிறார்கள் என்று ஓடினார்.

'எல்' பலகையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பும்போது மருமகள்தான் ஓட்டினாள். கையிலிருந்து கொடுத்து முடித்துவிடலாம், கிளெய்ம் வேண்டாம், மாமாவுக்குத் தெரிய வேண்டாம், உங்கள் ரகசியமும் உடைய வேண்டாம் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் என் கணவர் கீழேயே நின்றிருந்தார். வண்டி வந்து நின்றதும் எப்போதும் போல் அதைச் சுற்றி வந்து கையால் தடவிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு வண்டி ஒரு நீல மேகம்தான், கைக்கு அப்படி இல்லை. பின்மூலைக்கு வந்ததும் கை நின்றது. உள்ளே போன இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அவர் நின்ற நேரத்தில் தையல் கடை மெஷினும் நின்றது. நான்தான் மாமா, பின்னால் எடுக்கும்போது இடித்துவிட்டேன் என்று மருமகள் சொன்னாள். அவர் அவள் தலையில் கை வைத்து, "அடி ஒண்ணும் படலையே? தகரம்தானே, விடும்மா" என்றார். பட்டறைக்காரனே தட்டி எடுத்துவிடுவான் என்றும் சொன்னார். ஆனால் படியேறும்போது இரண்டு தடவை திரும்பிக் காரைப் பார்த்தார்.

அதன் பின்னர் இரவுச் சாப்பாட்டின்போது கிளெய்ம் போடுவதா வேண்டாமா என்று மூன்று பேரும் பேசினோம். முதலில் என் கணவர் வேண்டாம் என்றார். இத்தனை காலம் கை நீட்டாமல் இருந்துவிட்டு ஒரு விளக்குக்காகவா நீட்டுவது என்றார். வேண்டவே வேண்டாம் மாமா என்று மருமகளும் ஒத்து ஊதினாள். நான் கேட்டேன், மாஸ்டர் தன் இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டால் என்ன ஆகும் என்று. காவலர் எழுதிய குறிப்பில் உள்ள பெயர் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும் என்றாள் மருமகள். போனால் என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். அவள் ஒன்றுமில்லை என்று சொன்ன விதத்தை வைத்து என் கணவர் விடாமல் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. அவள் நிறுவனத்தில் புதிதாகச் சேரும் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அவளுக்கு வரவிருந்தது. பெண்களில் அது யாருக்கும் இதுவரை கிடைத்ததில்லை. அந்தப் பொறுப்புக்கு வருகிறவர் பெயரில் விபத்து எதுவும் இருக்கக் கூடாது, நிறுவனத்து வண்டியானாலும் சரி, சொந்த வண்டியானாலும் சரி. இதை எங்களுக்கு ஒரு ஆச்சரியமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம். வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், இரண்டு பேர் ஆளுக்கொரு ஆச்சரியத்தை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

அந்த நிமிடமே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எழுந்தும் விட்டேன். அவள் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள், கூரியர் வேன் ஓட்டுகிறவள் மிதி என்பதால் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, "காலையில யோசிப்போம், தூங்குங்க" என்றார். காலையில் காபி கொடுக்கும்போது அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

இன்று காலை நான் எழுந்தபோது அவர் இல்லை. வேலைக்குப் போன காலத்தில் போட்ட கறுப்பு ஷூவையும் காணவில்லை. நடந்துவிட்டு வருகிறேன் என்று மருமகளிடம் சொன்னாராம். நடப்பதற்கு யார் ஷூவுக்குப் பாலிஷ் போடுவார்கள் என்று நான் கேட்டேன். நாங்கள் சாப்பிட்டு முடித்த சமயம் தொலைபேசி அடித்தது. இந்த நிலையத்து எழுத்தர் பேசினார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அம்மா, உங்க வீட்டுக்காரர் இங்க வந்து, நேத்து வண்டிய இடிச்சது நான்தான்னு எழுதிக் கொடுத்திருக்காரு. எதிர்ல இருக்குற கடியாரத்துல மணி என்னன்னு கேட்டா, எந்தக் கடியாரம்னு கேக்குறாரு. வந்து கூட்டிட்டுப் போங்க."

ஒரு கீறல் இல்லாத மனிதர், அந்தப் பெண்ணுக்காகத் தன் பெயரில் ஒரு கீறலை வாங்கிக்கொள்ள ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு போயிருக்கிறார் என்பது எனக்கு அப்போது புரிந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் விக்கல் எடுத்துக்கொண்டது. மருமகள் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தாள். நான் கையை நீட்டினேன். "அத்தை, மெயின் ரோடு. ரவுண்டானா இருக்கு" என்றாள். இருக்கட்டும், இன்றைக்கு நான்தான் என்றேன்.

'எல்' பலகையை வெங்காயத்துக்கு அடியிலிருந்து எடுத்துத் தெருவில் எல்லோரும் பார்க்க மாட்டினேன். தையல்காரர் வாயில் ஊசியோடு வாசலில் வந்து நின்றார். அவருக்குக் கை காட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். ரவுண்டானாவில் எனக்குப் பின்னால் ஒரு பேருந்து வந்து ஹாரன் அடித்தது. பேருந்துக்காரர்களைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதால் நான் பயப்படவில்லை. என் முறை வந்த பிறகுதான் போனேன். இந்த நிலையத்து வளாகத்துக்குள் வந்து, இரண்டு காவல் வாகனங்களுக்கு நடுவே இருந்த இடத்தில் பின்பக்கமாக நிறுத்தினேன். மருமகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை நான் கண்ணாடியில் வண்டிகளை மட்டும் பார்த்தேன். மேற்படி காவல் வாகனங்களில் கீறல் ஏதும் இல்லை என்பதை உதவி ஆய்வாளர் பின்னர் நேரில் வந்து பார்த்துக்கொண்டார்.

உள்ளே என் கணவர் பெஞ்சில் முழங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். எங்கள் காலடிச் சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டு, எதற்கு வந்தீர்கள், எல்லாம் முடிந்துவிட்டது, போங்கள் என்றார். மருமகள் நேராக உதவி ஆய்வாளரிடம் போய், அவர் சொன்னது பொய், ஓட்டினது நான், காவலரே எழுதியிருக்கிறார் என்றாள். சின்னப் பிள்ளை, எனக்காகச் சொல்கிறாள் என்றார் என் கணவர். அவர் சொன்னது பொய், அவருக்குக் கண்ணே தெரியாது சார் என்றாள் அவள். யாருக்குக் கண் தெரியாது என்று அவர் எழுந்து, எதிரே இருந்த பூந்தொட்டியைப் பார்த்துக் கேட்டார். இரண்டு பேரும் நான்தான் நான்தான் என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருக்க, நான் முன்னால் போய், "ரெண்டு பேரும் இல்ல சார். ஓட்டுனது நான்" என்றேன். உதவி ஆய்வாளர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "ஏம்மா, இந்த ஊர்ல இடிச்சவன் எவனும் நான் இல்லம்பான். உங்க வீட்ல ஒரு காருக்கு மூணு டிரைவரா?" என்றார்.

இதற்குள் உதவி ஆய்வாளர் கூப்பிட்டு அனுப்பியிருந்த நீச்சல் மாஸ்டரும் வந்து சேர்ந்தார். யார் ஓட்டியதைப் பார்த்தீர்கள் என்று அவரிடம் கேட்கப்பட்டது. ஓட்டியதைப் பார்க்கவில்லை, தான் வரும்போது இரண்டு பேரும் வெளியே நின்றார்கள் என்றார். அதன் பின்னர் கொஞ்சம் யோசித்து, "ஆனா சார், டிரைவர் சீட்ட ஸ்டியரிங்கோட ஒட்டி இழுத்து வெச்சிருந்துச்சு. நடுவுல எறும்புதான் போகணும்" என்றார். உதவி ஆய்வாளர் என் மருமகளின் உயரத்தைப் பார்த்தார், என் கணவரின் உயரத்தைப் பார்த்தார், அதன் பின்னர் குனிந்து என்னைப் பார்த்தார். எல்லோரும் வளாகத்துக்குப் போனோம். நான் ஓட்டி வந்து நிறுத்திய வண்டியில் இருக்கை அதே இடத்தில் இருந்தது.

என் கணவர் அந்த இருக்கையின் முதுகிலும் ஸ்டியரிங்கிலும் கையை வைத்து இடைவெளியை அளந்து பார்த்தார். பிறகு, "இப்ப இந்த வண்டிய இங்க கொண்டாந்தது யாரு?" என்று கேட்டார். நான் என்றேன். "ரவுண்டானா வழியாவா?" ஆமாம் என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று மருமகள் என் முன்னால் வந்து நின்றாள். அவர் அவளை ஒதுக்கிவிட்டு, "ரெண்டாவது கியர்ல கிளட்ச் கடிக்குமே, எப்படிச் சமாளிச்ச?" என்று கேட்டார். முழுசாக மிதித்து, ஒரு மூச்சு விட்டு, அதன் பின்னர் போடுவேன் என்றேன். "அதேதான், அதேதான்" என்று மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் சரியாகத் தெரியாததால் என் கை என்று நினைத்திருக்கலாம். மாஸ்டர் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பின்னர்தான் அவருக்கு வருத்தம் வந்தது. என்னிடம் ஏன் கேட்கவில்லை, நான் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டேனா என்றார். கேட்டேனே என்றேன். எப்போது என்றார். நம் பையன் பிறந்த வருடம், நான் இருக்கும்போது உனக்கு எதற்கு என்று சொன்னீர்கள் என்றேன். அவர் நின்று யோசித்துப் பார்த்தார். "நல்ல எண்ணத்துலதான் சொன்னேன் பாப்பா" என்றார். தெரியும், அதனால்தான் இத்தனை நாள் கோபித்துக்கொள்ளவில்லை என்றேன். இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டதற்கு, எழுதுய்யா என்றார் உதவி ஆய்வாளர்.

பொய்யான தகவல் கொடுப்பது குற்றம் என்று என் கணவரையும் மருமகளையும் உதவி ஆய்வாளர் எச்சரித்தார். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டு, முன்பு சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகத் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார்கள். என்னிடம் செல்லுபடியாகும் பழகுநர் உரிமம் இருந்ததாலும், உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருந்ததாலும், பலகை மாட்டியிருந்ததாலும் நான் ஓட்டியதில் சட்டப்படி தவறில்லை என்று சொன்னார். காவலரின் குறிப்பில் என் மருமகளின் பெயரை நீக்கித் திருத்தம் செய்வதாகவும், அவள் நிறுவனத்துக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும் சொன்னார். மருமகள் அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கடைசியாக, கிளெய்ம் போடுவதா வேண்டாமா என்ற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. மாஸ்டர், பம்பரைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன், விளக்கை நானே மாற்றிக்கொள்கிறேன், அம்மா பெயரில் விபத்து என்று எதுவும் ஏற வேண்டாம், இத்தோடு விட்டுவிடலாம் என்றார். "முதல் நாள் எல்லாரும் தண்ணி குடிக்கத்தான் செய்வாங்க" என்றும் சொன்னார். பெரிய மனசு என்று நான் நன்றி சொன்னேன். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் முடிய வழி இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பேர் எனக்காகப் பொய் சொல்லி முடிந்து, மூன்றாவதாக, நடந்ததே நடக்கவில்லை என்று நானும் கையெழுத்துப் போடுவதா என்று இருந்தது. கிளெய்ம் போடலாம் என்று சொன்னால் என் கணவரின் மெடல் போய்விடுமே என்றும் இருந்தது. நான் அவரைப் பார்த்தேன்.

அவர் சொன்னார்: "போடு. இத்தன வருசமா கட்டுனது எதுக்கு? அவரு கயித்தக் கட்டிக்கிட்டு ஏன் அலையணும்?" அப்படியென்றால் உங்கள் ரெக்கார்டு என்று கேட்டேன். "என் ரெக்கார்டுக்கு என்ன? நான் ஓட்டின வரைக்கும் ஒரு கீறல் இல்ல, அது அப்படியேதான் இருக்கும். இது ஒன்னோடது. ஆரம்பிச்சாச்சுல்ல" என்றார். ஓட்டுகிறவன் வண்டியில்தான் கீறல் விழும், நிற்கிற வண்டியில் தூசிதான் விழும் என்றும் சொன்னார். இது அவர் பணிமனையில் மற்றவர்களைப் பற்றிச் சொல்லக் கேட்டதில்லை. எனக்காகவே இன்று வந்தது.

ஆகவே கிளெய்ம் போடுவது என்று நாங்கள் அனைவரும் ஒருமனதாக முடிவு செய்தோம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஓட்டியவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டுமே எழுதப்படும். தவறு முழுவதும் என்னுடையது. சிவப்புக் கார் இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒழுங்காகத்தான் நின்றது.

இந்த வாக்குமூலத்தை நான் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் என் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மருமகளின் தொலைபேசியில் கண் டாக்டரிடம் பேசியது உள்ளே எல்லோருக்கும் கேட்டது. பேருந்தில் டிக்கெட் எடுக்காதவரை அதட்டுகிற குரலில் பேசினார். தேதி கொடுங்கள், கூட்டிக்கொண்டு போக வீட்டிலேயே ஆள் இருக்கிறது, ஊசியைப் போடும்போது மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள் என்றார். போகும்போது வண்டியில் அவர் பின்சீட்டில் உட்கார வேண்டியிருக்கும், ஏனென்றால் உரிமம் உள்ள மருமகள் என் பக்கத்தில் இருந்தாக வேண்டும். பின்சீட்டில் அவர் இதுவரை உட்கார்ந்ததில்லை. பிரேக்கைப் பற்றி ஏதாவது சொல்லுவார். சொல்லட்டும்.

நான் சொன்னவற்றை எழுத்தர் எழுதி முடித்து, முதல் தாளிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினார். கேட்டேன். நடந்தது இதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒரே ஒரு திருத்தம் சொன்னேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே, என் கணவரின் பேச்சை நம்பி, தாளின் தலைப்பில் என்னை 'ஓட்டுநரின் மனைவி' என்று அவர் எழுதி வைத்திருந்தார். அதை மாற்ற வேண்டும் என்றேன். புதுத் தாள் எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இதிலேயே செய்யலாம் என்றேன். அவர் கடைசிச் சொல்லை அடித்தார். 'ரி'யின் மேல் வளைவை அடித்தார், அதன் பக்கத்தில் இருந்த 'ன்'னையும் அடித்தார். மிச்சம் நின்ற 'ர' மேல் ஒரு புள்ளி வைத்தார். நான் தாளைத் திருப்பி வைத்து ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

(கையொப்பம்)
ஓட்டுநர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது: உதவி ஆய்வாளர்
எழுதியவர்: நிலைய எழுத்தர். மேற்கண்ட அடித்தல் திருத்தல் என்னால் செய்யப்பட்டது.